மகாராணி வராத ஹாலும் முருகன் வந்த பொட்டலும்

நரிக்குடி பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றுகொண்டு, "பழைய நாடகக் கொட்டகை ஒண்ணைப் புதுப்பிச்சு மறுபடி லைவ் ஷோ நடத்தலாம்னு இருக்கோம்" என்று சொல்லிப் பாருங்கள். கிளாஸ் கழுவுகிறவர்கூட நிமிர்ந்து, "இடிஞ்சாத்தானண்ணே புதுப்பிக்க முடியும்?" என்பார். நியாயமான கேள்வி. திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்து நாடக அரங்குக்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது. அறுவடை முடிந்த பொட்டல், நாலு கம்பு, ஒரு படுதா. இதில் இடிவதற்கு என்ன இருக்கிறது? யுனெஸ்கோ ஆட்களே வந்தாலும் பருத்திப்பாலைக் குடித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கொஞ்ச காலமாக மட்டும் ஊருக்கு ஊர் காங்கிரீட்டில் 'கலையரங்கம்' முளைத்திருக்கிறது. தொகுதி நிதியில் கட்டியது. மேடை சின்னதுதான், நெற்றிதான் பெரிசு. நிதி கொடுத்தவர், அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், முன்னிலை வகித்தவருக்குப் பின்னால் நின்றவர் என்று வரிசையாகப் பெயர்கள். அத்தனையையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மேடையில் வள்ளிக்குக் கல்யாணமே முடிந்துவிடும்.

இந்த வியாதி நம் கவுன்சிலர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தால், பாவம், அவர்களுக்கு அநியாயமாக கிரெடிட் கொடுக்கிறோம். ஒரிஜினல் சென்னையில் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில், செங்கல் சிவப்பில் கோபுரம் வைத்து நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் போட்டு மாநகராட்சி புதுப்பித்த கட்டடம்.

சென்னைக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் 1882-ல் பச்சையப்பன் ஹாலில் கூடினார்கள். அதாவது, ஹால் இல்லை என்று குறைபட்டுக்கொள்ள ஒரு ஹாலில் கூடினார்கள். கமிட்டி போட்டார்கள், வசூல் ஆரம்பித்தார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு வந்து அடிக்கல் நாட்டினார். எல்லாம் முறைப்படி நடந்தது. அடிக்கல்லுக்கு மேலே கல் வைப்பதற்குத்தான் அவசரமே காட்டவில்லை.

1887-ல் விக்டோரியா மகாராணி அரியணை ஏறியதன் பொன்விழா. பேரரசு முழுக்க எதைத் திறந்தாலும் அவர் பெயரை வைத்த வருஷம். நம் ஆட்களிடம்தான் அடிக்கல்லோடு நிற்கும் ஹால் ஒன்று ரெடியாக இருக்கிறதே! 1888-ல் பெயர் சூட்டிவிட்டார்கள். நாலு வருஷம் முன்பே அடிக்கல் போட்டதை நாலு வருஷம் கழித்து வந்த விழாவின் நினைவுச்சின்னமாக மாற்றிய சாமர்த்தியத்தைப் பாருங்கள். இன்றைக்கு ஸ்டேடியத்துக்குக் கம்பெனி பெயர் வைத்தால் அந்தக் கம்பெனி காசாவது தரும். மகாராணியோ கடைசிவரை இந்தியா பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இடம் மாநகராட்சியுடையது. 57 கிரவுண்ட், 99 வருஷக் குத்தகை, கிரவுண்டுக்கு எட்டணா கணக்கு. மொத்தமாகவே 28 ரூபாய் சொச்சம். இன்றைக்கு அந்தக் காசுக்கு சென்ட்ரல் வாசலில் டீயோடு வடை கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அந்த 99 என்ற நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னாடி வந்து கடிக்கும்.

வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியத்தைக் கட்டிய அதே கை. மேற்கத்திய வளைவு கொஞ்சம், கேரளத்துக் கூரை கொஞ்சம், 'எதையும் விட்டுவிடக் கூடாது' என்கிற ஆசை நிறைய. கட்டியவர் நம்பெருமாள் செட்டி. கீழே ஒரு ஹால், மேலே ஒரு ஹால், ஒவ்வொன்றும் அறுநூறு பேர் அளவில். மேலே மரத்தில் கேலரி வேறு. 1890 வாக்கில் எல்லாம் தயார். ஒரே ஒரு விஷயம் பாக்கி. இதில் யார், என்ன நாடகம் போடப்போகிறார்கள்?

தமிழ் நாடகம் அப்போது தெருவில் நடந்துகொண்டிருந்தது. கோட்டுப் போட்டவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்தம். இவரைத்தான் நாம் தமிழ் நாடகத் தந்தை என்கிறோம். தந்தைக்குத் தமிழ் நாடகம் என்றாலே அப்போது இளக்காரம்! அவரே தன் நினைவுகளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1891-ல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு தன் சரச விநோதினி சபாவோடு வந்து விக்டோரியா ஹாலில் நாடகம் போட்டார். படித்தவர்களே வேஷம் கட்டி ஆடுவதைப் பார்த்து 18 வயது சம்பந்தம் ஆடிப்போய்விட்டார். அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி நண்பர்களைக் கூட்டிச் சுகுண விலாச சபாவை ஆரம்பித்துவிட்டார். தமிழ் நாடக மறுமலர்ச்சிக்குத் தீப்பொறி போட்ட நாடகம் தெலுங்கு நாடகம். இதை மேடையில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சபாவில் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், வீட்டில் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள். பெண் வேஷமும் அவர்களேதான். பகலெல்லாம் கோர்ட்டில் "மை லார்ட்" என்று குனிந்தவர், சாயங்காலம் சவுரி முடி வைத்துக்கொண்டு "நாதா!" என்று குனிவார். ரங்கவடிவேலு ஸ்திரீபார்ட் கட்டி வந்தால் ஹாலில் மூச்சு நின்றுவிடும். கதாநாயகன் பெரும்பாலும் பம்மலார்தான். பின்னாளில் தேச அரசியலைக் கலக்கிய சத்தியமூர்த்திகூட இந்த சபாவில் வேஷம் கட்டியவர். அரசியலுக்கு வருமுன் நடிப்புப் பயிற்சி எடுக்கும் தமிழ் மரபு எவ்வளவு பழசு பார்த்தீர்களா!

பம்மலார் செய்த பெரிய புரட்சி ஷேக்ஸ்பியரை அழைத்து வந்ததோ, தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதியதோ அல்ல. விடிய விடிய ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்தில் முடித்தார். சொன்ன நேரத்துக்குத் திரையைத் தூக்கினார். தமிழனைச் சரியான நேரத்துக்கு உட்கார வைத்து, சரியான நேரத்துக்கு வீட்டுக்கும் அனுப்பியவர் என்பதற்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். பிறகு நீதிபதி ஆனார், 1959-ல் பத்ம பூஷண் வாங்கினார். மனுஷன் எல்லாவற்றிலும் பங்ச்சுவல்.

சபா 1936 வரை விக்டோரியா ஹாலில் இருந்தது. அப்புறம் மவுண்ட் ரோட்டுக்குப் போனது. இப்போதும் அங்கே இருக்கிறது, கிளப்பாக. நாடகத்துக்காகச் சேர்ந்த இடத்தில் காலப்போக்கில் சீட்டுக்கட்டு ராஜா ராணிகள்தான் அதிகம் மேடையேறினார்கள்.

இதே காலத்தில் இன்னொருவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தூத்துக்குடிப் பக்கத்து ஆள். 24 வயதில் கணக்கை மூடி வைத்துவிட்டு நாடகத்துக்குப் போனார். பெயர் சங்கரதாஸ். எமன், சனீஸ்வரன் என்று யாரும் கேட்டு வாங்காத வேஷங்களாகக் கட்டினார். ஒரு நாள் விடிகாலையில் சனீஸ்வரன் வேஷம் கலைக்கக் குளக்கரைக்குப் போனபோது, எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் பார்த்து அலறி விழுந்து, அவளுக்குக் கேடு நேர்ந்ததாகச் சொல்வார்கள். அதோடு அந்த வேஷங்களையே விட்டுவிட்டார். இன்றைய நடிகராக இருந்தால் 'பார்த்தவர் பதறும் தத்ரூபம்' என்று அடுத்த போஸ்டரில் போட்டிருப்பார்.

வேஷத்தை விட்டவர் பேனாவைப் பிடித்தார். அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதினார் என்பார்கள். சந்நியாசம் மாதிரி ஒரு வாழ்க்கை, அதனால் சுவாமிகள். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்துப் பொடியன்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். கவனியுங்கள், அந்தப் பக்கம் சென்னையில் நீதிபதிகள் நாடகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் கல்யாணமே ஆகாத இந்தச் சாமியார் எழுதிய ஒரு கல்யாணம் தென்மாவட்டம் முழுக்க இன்றுவரை விடியவிடிய நடந்துகொண்டிருக்கிறது. வள்ளி திருமணம்.

இந்த வள்ளி திருமணத்தை எங்கள் பக்கம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே பாயும் சாக்கும் வந்து விழுந்துவிடும். பாய் மேல் ஒரு செங்கல். அதுதான் ரிசர்வேஷன். செங்கல்லைத் தள்ளி உட்கார்ந்தவர் கதை தனி நாடகம். நாடகத்துக்குப் பெயரே ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு பஸ், ஆர்மோனியக்காரர் முந்தின ராத்திரி ஆடிய ஊரிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு நேரே. முருகனும் வள்ளியும் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்கு மேடையில்தான் சந்திப்பார்கள். சந்தித்ததும் காதலிக்க வேண்டும். சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் எப்படியோ கல்யாணம் நடந்துவிடுகிறது. எந்த ஆப்பும் இவ்வளவு வேகமாக மேட்ரிமோனி முடித்ததில்லை.

முதலில் பபூனும் டான்ஸும். அப்போது குழந்தைகளைத் தூங்கவைக்க முயன்று பெரியவர்கள் தோற்பார்கள். அப்புறம் வள்ளி தினைப்புனத்தில் குருவி விரட்டுவாள். சோளக்கொல்லையில் பறவை விரட்டியே முழங்கை தேய்ந்த பெண்கள் கீழே உட்கார்ந்து, "கவணை இப்படியா பிடிப்பாக?" என்று கமெண்ட் அடிப்பார்கள். பிறகு நாரதர் வருவார், தர்க்கம் தொடங்கும். நாரதரா வள்ளியா என்று மணிக்கணக்கில் வாய்ச்சண்டை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து விசில் அடிக்கும். சோஷியல் மீடியா வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே சண்டையை உட்கார்ந்து ரசிக்கும் கலையை நாம் கரைகண்டுவிட்டோம். நடுநடுவே மைக்கில் நூற்றியோரு ரூபாய் அன்பளிப்பு அறிவிப்பு. முருகப்பெருமான் பாட்டை நிறுத்திவிட்டு, கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாம் சேர்த்து வாழ்த்த வேண்டும். காங்கிரீட் மேடையில் பெயர் பொறிக்க வசதியில்லாதவர்களுக்கு இது சிக்கனமான கல்வெட்டு.

இந்த முருகன் வேஷத்தைக் கட்டி வெள்ளைக்காரனைத் தூங்கவிடாமல் பண்ணிய ஒருவர் எங்கள் மண்ணைச் சேர்ந்தவர். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ். வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்ட, இவர் முருகனாக வந்து வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். எந்தக் கொக்கு, ஏன் வெள்ளை, எதற்குக் கோபம் என்பது கடைசிப் பாயில் கிடக்கும் கிழவிக்கும் புரியும். 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் ஒன்று சர்க்கார் கையில் இருந்தது. நாடகத்தைத் தடைசெய்யலாம். ஆனால் புராண நாடகத்தில் கொக்கைத் தடைசெய்ய எந்த செக்‌ஷன்? யோசித்துப் பார்த்துவிட்டு ஆளையே கைது செய்தார்கள். எத்தனையோ தடவை. மயிலோடு வந்தவரை விலங்கோடு அனுப்பிவைத்த புண்ணியம் ஆங்கில சர்க்காருக்கே சேரும்.

சர்க்காரைக் கண்டு நடுங்காத தாஸைச் சொந்த ஜனங்கள் வேறு விதமாகக் கைது செய்தார்கள். அவர் மருத்துவர் குலம். அந்தச் சாதிக்காரரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சில நடிகைகள் மறுத்தார்கள். முருகனுக்கே ஜாதி சர்டிபிகேட் கேட்ட நாடு இது. 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போனது. விக்டோரியா ஹாலில் மகாராணி பெயர் அப்படியே இருந்தது.

அப்புறம் நாடகத்தைக் கொன்றது யார் என்று கேட்டால் எல்லோரும் சினிமாவைக் கை காட்டுவார்கள். சரி, அந்தக் கொலையாளியைச் சென்னையில் முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தது யார்? சாட்சாத் விக்டோரியா ஹால்தான். 1890-களின் கடைசியில் ஸ்டீவன்சன் என்ற வெள்ளைக்காரர் அங்கேதான் சின்னச் சின்னப் படங்களை ஓட்டிக் காட்டினார். ஐம்பது வருஷத்தில் ஊர் ஊராக நாடகக் கொட்டகைகள் சினிமா கொட்டகைகள் ஆயின. மதுரையில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிசு என்று மார்தட்டியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகள். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. ஆக, கடைசியில் ஜெயித்தது படுதாதான், மீட்டர் கணக்கில்.

நாடகக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டு வறுமைக்காக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பொடியன் ஒருவன், சினிமாவுக்குப் போய், 1977-ல் எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து, முதலமைச்சர் ஆனான். எம்.ஜி.ஆர். ஆனபிறகு 'ஆனான்' என்று எழுதினால் இன்றைக்கும் எங்கள் பக்கம் அடி விழும், ஆகவே ஆனார். இந்த வட்டாரத்தில் டயலாக்கே இல்லாமல் கூட்டம் சேர்த்த ஒரே ஆள் திருச்சுழியில் பிறந்த ரமணர். அவரும் அதற்குத் திருவண்ணாமலை போக வேண்டியிருந்தது.

இனி அந்த 99-க்கு வருவோம். குத்தகை 1980-களில் தீர்ந்தது. தீர்ந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் அல்லவா? நம் ஊரில் குத்தகை தீர்ந்தால்தான் வழக்கு பிறக்கும். இடத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த டிரஸ்டும் மாநகராட்சியும் கோர்ட்டுக்குப் போனார்கள். பம்மலார் தினமும் போய்வந்த இடம் அது, அதனால் ஹாலின் ஆன்மா அங்கே சந்தோஷமாகவே இருந்திருக்கும். இதற்கிடையில் அரசமரம் சுவரில் வேர்விட்டது, புறாக்கள் கேலரியில் சீசன் டிக்கெட் எடுத்தன, மெட்ரோ ரயில்காரர்கள் பக்கத்திலேயே பாதாளம் தோண்டினார்கள். புதுப்பிப்பு வேலை ஆரம்பிப்பதும் நிற்பதுமாகப் பலமுறை இடைவேளை விட்டது. கடைசியில் 2023-ல் மாநகராட்சி முழுமூச்சாக இறங்கியது. திட்டம் இதுதான்: கீழே அருங்காட்சியகம், மேலே நிகழ்ச்சி அரங்கு.

சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். நரிக்குடியில் மருது சகோதரர்கள் பெயர் சொல்லும் சத்திரம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பிறந்ததே பக்கத்து முக்குளத்தில். பழைய கட்டடத்தின் அருமை எங்களுக்கும் தெரியும். ஆனால் புதுப்பித்த மேடையில் என்ன ஏற்றப் போகிறார்கள்? புத்தக வெளியீடு, பொன்னாடை, ஒரு கர்நாடக சங்கீதம், கொஞ்சம் ஸ்டாண்டப் காமெடி, எட்டரை மணிக்கு நன்றியுரை. பம்மலாருக்குப் பரம திருப்தி. சங்கரதாஸ் சுவாமிகளுக்கு?

எங்கள் பொட்டலில் இப்போது ஒரு புது வில்லன் இருக்கிறார். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வள்ளி திருமணம் நடப்பது எப்போது? இரவு பத்து முதல் காலை ஆறு வரை. விதியை எழுதியவர் எங்கள் ஊர் நாடக நோட்டீஸைப் பார்த்து டைமிங் எடுத்தாரோ என்னவோ! இதனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் விழாக் கமிட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிறது, பலர் மதுரை ஐகோர்ட் கிளை வரை போகிறார்கள். முருகன் வள்ளியைக் கைப்பிடிக்க இந்தக் காலத்தில் விநாயகர் யானையாக வந்தால் போதாது, இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வேண்டும்.

அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆடிட்டோரியம் மாதிரி மூடிய அரங்குக்குள் ராத்திரியிலும் மைக் வைக்கலாம். நாலு பக்கமும் சுவர், மேலே கேரளத்துக் கூரை, 32 கோடி ரூபாய் மெருகு. விடிய விடிய வள்ளி திருமணம் போட இதைவிடச் சட்டபூர்வமான இடம் தமிழ்நாட்டில் சுலபத்தில் கிடைக்குமா?

ஆகவே மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம். வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி, மேல்மாடி ஹாலை மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்குக் கொடுங்கள். வாடகையைப் பழைய ரேட்டில், கிரவுண்டுக்கு எட்டணாவாக வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் பேரம் பேச மாட்டோம். நாற்காலிகளை மட்டும் ஓரமாக அடுக்கிவிடுங்கள். பாயும் செங்கல்லும் நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.